வாத்து போன வழி

எனக்குப் பர்மிய மொழி தெரியும் என்று பெரிய கிராணியிடம் நான் சொன்னது பொய்யில்லை. மூன்று பாடங்கள் தெரியும். புத்தகத்தில் மொத்தம் எத்தனை பாடங்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ரங்கூனில் கப்பலை விட்டு இறங்கி அப்போது ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. போட்டாதாங்கில் ஆற்றை ஒட்டிய அரிசிக் கிடங்கு ஒன்றின் ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை. ஆபீசில் தமிழ், கிடங்கில் தெலுங்கு, தெருவில் இந்துஸ்தானி, துரையிடம் இங்கிலீஷ். பர்மாக்காரர்களின் ஊருக்கு வந்து பர்மிய மொழி பேசினால் காது கொடுப்பார் ஒருவரும் இல்லை. சும்மா இருக்க முடியாத சுபாவம் எனக்கு. ஒரு பாடப் புத்தகம் வாங்கி நானே எனக்கு வாத்தியாராகி, நானே மாணவனாகி, நானே தலையில் குட்டிக்கொண்டு படித்தேன்.

தலைமைக் குமாஸ்தாவைத்தான் நாங்கள் பெரிய கிராணி என்போம். நல்ல பருமன். வாரம் முழுவதும் புளி கரைத்தது போன்ற முகம். திங்கட்கிழமை மட்டும் வேறு ஆள். நகக்கண்ணில் சேறு இருக்கும், தனக்குத்தானே சிரித்துக்கொள்வார், நம் கூட்டல் தப்பானால்கூட "பரவாயில்ல, திருத்து" என்பார். காரணம் ஞாயிற்றுக்கிழமை வேட்டை. அவரும் இரண்டு சிநேகிதர்களும் சம்பான் படகில் ஆற்றைத் தாண்டி டாலாவுக்குப் போய் வயல்வெளியில் பறவை சுடுவார்கள். சுடுவார்கள் என்பது வழக்கச் சொல். பறவை ஒன்றையும் யாரும் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. ஒன்றும் கிடைக்காமலே ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாகத் திரும்புவது எப்படி என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

என் ஞாயிற்றுக்கிழமையோ விடுதியில் சட்டை துவைப்பதிலும், நாற்பது பேர் வரிசையில் நின்று குளிப்பதிலும், பிறர் சீட்டாட்டத்தை எட்டிப் பார்த்து வசவு வாங்குவதிலும் கழிந்தது. ஆகையால் அவர்களோடு நான்காவதாகப் படகில் போய்வந்த ஆள் மாண்டலேக்கு மாற்றலாகிப் போனான் என்று கேள்விப்பட்ட அன்றே கிராணியார் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"பர்மா பாஷை வருமாய்யா உனக்கு?" என்றார்.

"வரும் சார்."

"எங்களுக்கு வராது. பறவை எங்க இறங்குதுன்னு கிராமத்து ஆளுங்கள விசாரிக்க ஒருத்தன் வேணும். போனவன் அதைத்தான் செஞ்சான். இந்த ஞாயித்துக்கிழமை வந்து பாரு. சரியா வந்தா அந்த எடம் உனக்கு. இல்லேன்னா வேற ஆளத்தான் பாக்கணும்."

அந்த வாரம் மூன்று பாடங்களையும் தலைகீழாக ஒப்பித்தேன். முதல் பாடம் வீடும் போக்குவரத்தும். எய்ன் என்றால் வீடு, துவா என்றால் போ, பியான் என்றால் திரும்பு. இரண்டாம் பாடம் பிராணிகள். நுவா மாடு, பே வாத்து. மூன்றாம் பாடம் உறவுமுறை, ஊலே என்றால் மாமா. கேள்வி கேட்பது எப்படி என்பது நான்காம் பாடம். அதற்கு நேரம் இல்லை.

ஞாயிறு காலை பனி விலகாத ஆற்றில் சம்பான் கிளம்பியது. கிராணியார் மடியில் இரட்டைக்குழல் துப்பாக்கி. லைசென்ஸ் அவர் பெயரில்தான் இருந்தது. எதிரே குடைக்கடை மரைக்காயர், கையில் ஒரு சின்னக் கத்தி. பறவை விழுந்தால் உயிர் போவதற்குள் ஓடிப் போய் பிஸ்மி சொல்லி அறுப்பது அவர் பொறுப்பு, அப்போதுதான் அவரும் சாப்பிட முடியும். மூன்றாமவர் மிங்கலா தாங்ஞுன்டில் குடியிருக்கும் ரயில்வே ஃபிட்டர். அவர் கொண்டுவந்தது நான்கு அடுக்கு டிபன் காரியர்.

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். "வேட்டையில உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது? ஒவ்வொருத்தரா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

மூவரும் என்னையே பார்த்தார்கள்.

"ஒர்க்‌ஷாப்புல காலையில சங்கு ஊதும் பாரு," என்றார் ஃபிட்டர். "இன்னிக்கு அது நமக்கு ஊதலேன்னு நெனச்சுக்கிட்டே வேட்டிய மடிச்சுக் கட்டுறது."

"எனக்கு ஓடுறது, தம்பி," என்றார் மரைக்காயர். "அம்பது வயசு மனுசன் கடைத்தெருவுல ஓடினா எங்க தீப்பிடிச்சுதுன்னு ஊரே பின்னால ஓடி வரும். அங்க ஓடினா யாரு கேக்குறா?"

"சார், உங்களுக்கு?"

"மொதல்ல எழுதறத நிறுத்து," என்றார் கிராணியார். "படகு ஆடுது."

பறவையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே என்றேன். "அதுக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கு," என்று ஃபிட்டர் காரியரைத் திறந்து முகர்ந்து பார்த்து மூடினார்.

டாலாவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்ததும் வரப்பில் ஒரு பெரியவர் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வாயிலிருந்து சுருட்டை எடுத்து, "பே துவா மலே?" என்றார்.

என் ஜென்மம் சாபல்யமானது போல இருந்தது. ஒரு வாக்கியத்தில் இரண்டு சொற்கள் எனக்குத் தெரிந்தவை. பே வாத்து. துவா போ. மலே என்பது தெரியவில்லை, மரியாதைக்காகக் கடைசியில் சேர்ப்பதாக இருக்கும் என்று அங்கேயே இலக்கணம் செய்துகொண்டேன்.

"என்னய்யா சொல்றார்?" என்றார் கிராணியார்.

"வாத்து போச்சாம், சார்."

மரைக்காயர் இருமிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எந்தப் பக்கமாம்?"

பெரியவரின் சுருட்டு கிழக்கே நீண்டிருந்தது. "கிழக்கே," என்றேன். பெரியவரிடம் பணிவாக, "ஹொக்கே, ஊலே," என்றேன். ஆமாம் மாமா என்று அர்த்தம். அவர் சுருட்டு கீழே விழுந்தது.

"நடத்துங்க வாத்தியாரே," என்றார் ஃபிட்டர். ஒரே வாக்கியத்தில் எனக்கு இவ்வளவு மதிப்பு வந்துவிட்டதே என்று பூரித்துப்போய் முன்னால் நடந்தேன்.

கிழக்கே முழங்கால் ஆழச் சேறு. அரை மணி நேரம் கழித்து, தலையில் கூடையோடு ஒரு அம்மாள் எதிரே வந்தாள். சிரித்துக்கொண்டே, "பே துவா ஜா மலே?" என்றாள்.

மூன்று முகங்களும் ஆவலோடு என் பக்கம் திரும்பின.

"இவங்களும் பார்த்திருக்காங்க. ஜோடியா போச்சாம்."

"ஜோடின்னா சொன்னாங்க?" என்றார் கிராணியார்.

"ஜான்னாங்களே சார். ஜான்னா ஜோடி." அந்தச் சொல் எந்தப் பாடத்திலும் இல்லை. ஆனால் அப்போது எனக்குச் சந்தேகமே எழவில்லை.

"ஆணும் பொண்ணுமா, தம்பி?" என்றார் மரைக்காயர்.

"அதை அவங்க குறிப்பாச் சொல்லல."

இப்படியே மாட்டுவண்டிக்காரன் ஒருவன், மீன் பிடிக்கும் இரண்டு பேர், குளித்துவிட்டு வந்த ஒரு கிழவி என்று எதிர்ப்பட்ட அத்தனை பேரும் எங்களைப் பார்த்ததும் வாத்தைப் பற்றியே பேசினார்கள். இந்த ஊர் ஜனங்களுக்கு வேட்டையில் எவ்வளவு ஈடுபாடு என்று வியந்தேன். ஒவ்வொருவருக்கும் "ஹொக்கே" சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். அவர்கள் கையோ சுருட்டோ மோவாயோ காட்டிய திசையெல்லாம் நாங்கள் போனோம். கிழக்கு, வடக்கு, மறுபடி கிழக்கு. வடக்கே திரும்பிய இடத்தில் என் இடது கால் ஷூவைச் சேறு வாங்கிக்கொண்டது. ஆபீசுக்குப் போட்டுப் போக எனக்கு இருந்தது அந்த ஒரு ஜோடிதான்.

"ஜா போச்சே, வாத்தியாரே," என்றார் ஃபிட்டர்.

நண்பகலில் ஒரு குளக்கரைப் புளியமரத்தடியில் உட்கார்ந்து காரியரைத் திறந்தார்கள். முதல் கவளம் வாய்க்குப் போன நேரம். வானத்தில் விசில் அடிப்பது போல ஒரு சத்தம். பத்துப் பன்னிரண்டு காட்டு வாத்துகள், நிஜ வாத்துகள், வட்டமடித்து எங்கள் முன்னால் குளத்தில் இறங்கின. துப்பாக்கி மரத்தில் சாய்ந்திருந்தது.

"சார்," என்றேன் மெதுவாக, "வாத்து."

"தெரியுது. அந்த ஊறுகாய இப்படி நகத்து."

"சார், துப்பாக்கி."

"சோத்துக் கையோடயா? பிசுபிசுன்னு ஒட்டும்யா."

மரைக்காயரைப் பார்த்தேன். அவர் கத்தியால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான்கு பேரும் தயிர்ச்சோறு தின்றுகொண்டே வாத்துகளைப் பார்த்தோம். ஒன்று தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கியது. "எங்க துரை மேஜைக்கு அடியில பேனா தேடுற மாதிரியே இருக்கு," என்றார் கிராணியார். மூன்று வருஷத்தில் அவர் சொன்ன முதல் நகைச்சுவை என்று ஃபிட்டர் சத்தியம் செய்தார். அந்தச் சிரிப்பில் வாத்துகள் எழுந்து பறந்துவிட்டன. கை கழுவினோம்.

மாலையில் படகுத் துறைக்குத் திரும்ப நடந்தோம். பொழுது சாய்கிறது, ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. நான் காட்டிய வழியில் நாள் முழுக்க நடந்து ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறார்கள். படகில் என் இடம் போயே போய்விட்டது. இனி ஞாயிற்றுக்கிழமை என்றால் சட்டையும் சோப்பும்தான்.

ஒற்றை ஷூவோடு கடைசியாக வந்துகொண்டிருந்தேன். படகுத் துறைக்குப் பக்கத்தில் வெற்றிலை விற்கும் ஒரு பெண் மரைக்காயரைப் பார்த்து, "பே துவா மலே?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மரைக்காயர் நடந்தபடியே, தன்னை மறந்து, "எய்ன் பியான் மலோ," என்றார்.

நான் நின்றுவிட்டேன். எய்ன், வீடு. முதல் பாடத்தின் முதல் சொல். பியான், திரும்பு. வாத்து போயிற்று என்று ஒருத்தி சொன்னால், வீட்டுக்குத் திரும்புகிறோம் என்று எந்த மனிதராவது பதில் சொல்வாரா?

"மரைக்காயரே, அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சு?"

மரைக்காயர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "எங்க போறீங்கன்னு கேட்டுது, தம்பி."

"காலையில அந்தப் பெரியவர்?"

"அவரும் அதைத்தான் கேட்டாரு. பாதையில யாரப் பார்த்தாலும் இங்க அதான கேப்பாங்க."

காலையிலிருந்து 'எங்கே போகிறீர்கள்' என்று கேட்ட அத்தனை பேருக்கும் நான் 'ஆமாம்' என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

ஃபிட்டர் துறைப் படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் அவருக்கு மூச்சு வரவில்லை. கிராணியார் துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு கண்ணீரைத் துடைத்தார். "ஜோடியா போச்சாம்," என்று சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியாமல் மறுபடி துடைத்தார்.

"உங்களுக்குப் பர்மா பாஷை வராதுன்னீங்களே சார்?"

"பத்தொம்பது வருஷமா மரைக்காயர் இங்க குடை விக்கிறாரே, எந்தப் பாஷையில விக்கிறார்னு நெனச்ச?"

சம்பானில் ஏறினோம். பாதி ஆறு வரை மிச்சமிருந்த ஷூவின் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன். "அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமை வேற ஆளா, சார்?"

கிராணியார் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாண்டலே போனவனும் உன்ன மாதிரித்தான் வந்தான். ஒரே வருஷத்துல நல்லாக் கத்துக்கிட்டுத் தொலைஞ்சான். அப்புறம் அவனால ஒரு பிரயோஜனமும் இல்ல." கொஞ்சம் பொறுத்து, "எத்தனை பாடம் படிச்சிருக்க?" என்றார்.

"மூணு."

"நாலாவத படிக்க மாட்டேன்னா வா."

மறுநாள் ஆபீஸ் முழுவதும் என்னை வாத்தியார் என்று அழைத்தது. மொழிப் புலமைக்கான பட்டம் என்று சிலர் நினைத்திருக்கலாம். நான் விளக்கம் சொல்லவில்லை. அன்று மாலை புத்தகத்தை எடுத்து முன்னுரையிலிருந்து படித்தேன். ஒரே ஓசையை இழுத்துச் சொன்னால் வாத்து, தாழ்த்திச் சொன்னால் எங்கே என்று அதிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முன்னுரை படிக்கும் பழக்கம் எனக்கு அதுவரை கிடையாது. சனிக்கிழமைக்குள் ஏழு பாடம் முடித்தேன்.

ஞாயிறன்று அதே வரப்பில் அதே பெரியவர். என்னைப் பார்த்ததுமே சுருட்டைக் கையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, "பே துவா மலே?" என்றார்.

மூவரும் என் பக்கம் திரும்பினார்கள். மரைக்காயர் இருமலுக்குத் தயாராக இருந்தார்.

"என்னய்யா சொல்றார்?" என்றார் கிராணியார்.

"நாலு வாத்து இந்தப் பக்கமா வந்துக்கிட்டிருக்காம், சார்," என்றேன். "அதுல ஒண்ணு நல்லாக் குண்டாம்."

ஃபிட்டர் தோள் குலுங்கியது. கிராணியார் என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு மிகுந்த கவனத்தோடு, "எந்தப் பக்கம் போகுதாம்?" என்றார்.

என் காலில் புது கான்வாஸ் ஷூ. சேறில்லாத மேற்குப் பக்கத்தைக் காட்டினேன். மூவரும் ஒரு வார்த்தை பேசாமல் என் பின்னால் வந்தார்கள்.