கூரைக்கு நான் உயர்த்திய கை

எங்கள் ஊரில் புதிய உதைபந்தாட்ட மைதானம் கட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, என் கணவர் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. நியூமோனியா. ஒரு சனிக்கிழமை பின்னேரம் முழுக்கக் கொட்டுகிற பனியில் நின்று விளையாட்டுப் பார்த்துவிட்டு வந்தவர், அடுத்த சில நாட்களில் மூச்சு விடச் சிரமப்பட்டார். இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் புகைக்கும் தூசிக்கும் நடுவே அரை ஆயுளைக் கழித்த நெஞ்சு அது. ஒக்சிசன் குழாயோடு அவர் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இனி இந்த மனிசனை அந்த மைதானப் படிகளில் நிற்க விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் ஊர் மலைமேல் இருக்கிறது. கீழே பான் நகரத்தில் படிக்கிற மகள் தொலைபேசியில் “இங்க மழையம்மா” என்று சொல்லும் நாட்களில் எங்கள் வாசலில் பனி முழங்காலுக்கு வந்துவிடும். பழைய மைதானத்தில் பார்க்க வருகிறவர்களுக்கு இருந்ததெல்லாம் கொங்கிரீட் படிகள் மட்டுந்தான். அந்தக் காணியில் வீடுகள் வரப்போவதால் நகரசபை ஊருக்கு மேலே, மேட்டில் வேறு இடம் கொடுத்திருந்தது. மேடு என்றால் காற்று இன்னும் அதிகம்.

“கூரை போடுவினமோ?” என்று கேட்டேன்.

“அதைத்தான் கூட்டத்தில கதைக்கப் போகினம். கூரை என்னத்துக்கு?”

“கூரை இருந்தா நீங்கள் போகலாம். இல்லாட்டி இனி விளையாட்டு இல்லை. டொக்டர் சொன்னதைக் கேட்டனீங்கள்தானே?”

“குளிரில நிக்க வேண்டாம் எண்டுதான் சொன்னவர். கூரைக்குக் கீழ என்ன, வெயிலே அடிக்கும்?”

நானும் மைதானத்தை நடத்துகிற ஃபெரைனில், அந்த விளையாட்டுக் கழகத்தில், உறுப்பினர். மகள் சிறுமியர் அணியில் விளையாடிய காலத்தில் சேர்ந்தது. அவள் விட்ட பிறகும் நான் விலகவில்லை. எனக்கும் வாக்கு உண்டு. கூட்டத்துக்கு இரண்டு பேரும் போனோம்.

தலைவர் சுவரில் படத்தைக் காட்டி விளக்கினார். ஒரு நீளப் பக்கத்துக்குக் கூரை போடலாம். ஆனால் எங்கள் ஊர்ப் பனியின் பாரத்தைத் தாங்க வேண்டுமென்றால் தூண்களும் இரும்பும் சும்மா கிடைக்காது. கூரை வந்தால், பெண்கள் அணிக்கான உடைமாற்றும் அறைகள் பிந்தும்.

ஒரு தாய் எழுந்தாள். “எங்கள் பிள்ளைகள் இன்னும் காருக்குள் உடுப்பு மாற்றுகிறார்கள்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் மகளும் அப்படித்தான் மாற்றியவள். காரின் கண்ணாடியை மறைத்துத் துவாய் பிடித்துக்கொண்டு நான் வெளியே நின்றிருக்கிறேன். அவளுக்குப் பிறகு ஒரு முதியவர் பேசினார். தன் மனைவிக்கு இடுப்பில் ஒப்பரேஷன் நடந்ததிலிருந்து மழையில் நிற்க முடியவில்லை, இருவரும் இப்போது வீட்டில் இருந்து வானொலி கேட்கிறார்கள் என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். எந்தப் பக்கம் கை உயர்த்தினாலும் ஒருவருக்கு அநியாயம் செய்கிற மாதிரி இருந்தது. கடைசியில் அந்த வைத்தியசாலைக் கட்டில் கண்ணுக்குள் வந்தது. கூரைக்குக் கை உயர்த்தினேன்.

“வேண்டாம் என்பவர்கள்?” என்று தலைவர் கேட்டார். எனக்குப் பக்கத்தில் என் கணவரின் கை மேலே போனது.

“நீங்கள் இருவரும் முதலில் வீட்டில் ஒரு கூட்டம் வைத்திருக்க வேண்டும்!” என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள், என் கணவருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச வாக்குகளால் கூரை வென்றது. வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டேன்.

“ஏனப்பா? உங்களுக்காகத்தானே நான் கை தூக்கினனான்?”

சிக்னலில் கார் நின்றதும் அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: “நான் இந்த ஊருக்கு வந்த முதல் குளிருக்கு எனக்கு இவையின்ர டொச் பாஷையில ஒரு சொல்லும் தெரியாது. அகதிகள் தங்கியிருந்த ஹைமில இருந்து நடந்து போய் அந்தப் படியில நிண்டனான். ஸ்னோ கொட்டத் தொடங்க, பக்கத்தில நிண்டவை என்னைத் தங்கட குடைக்குள்ள இழுத்து விட்டவை. அண்டைக்குக் கூரை இருந்திருந்தா ஒருத்தரும் என்னைத் திரும்பியும் பாத்திருக்க மாட்டினம். அதை நீர் யோசிச்சுப் பாரும்.”

இத்தனை வருடத்தில் அவர் இதை எனக்குச் சொன்னதில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. “அப்ப உங்கட நெஞ்சு நல்லா இருந்தது” என்றேன்.

அடுத்த வருடம் இலையுதிர்காலத்தில் மைதானம் திறந்தார்கள். ஒரு பக்கம் கூரையும் கதிரைகளும். எதிர்ப்பக்கம் திறந்த வெளியில் பழையபடி படிகள். நான் கூரைக்குக் கீழே இரண்டு இடம் எடுத்தேன். அவர் மறுக்கவில்லை. என் பக்கத்தில், அலுவலகத்தில் டெர்மின் எடுத்துவிட்டுத் தன் முறை வரும்வரை காத்திருக்கிறவர் மாதிரி, கைகளை முழங்காலிடையே வைத்துக்கொண்டு இருந்தார். அவருடைய கூட்டாளிகள் எல்லாரும் எதிர்ப்பக்கம். இடைவேளையில் “ஒருக்காத் தலையைக் காட்டிப்போட்டு வாறன்” என்று போனவர் இரண்டாம் பாதி முழுக்கத் திரும்பி வரவில்லை. பிறகு அதுவே வழக்கமாயிற்று. மழை தொடங்கினால் நான் கைபேசியில் கூப்பிடுவேன். அவர் அதை எடுக்காமல் அங்கிருந்து கையைக் காட்டுவார்.

அந்தத் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கிய பனி மறுநாள் காலைவரை விடாமல் கொட்டியது. உறுப்பினர்கள் போய்த் தரையை வழித்துவிட்டார்கள். போட்டி நடக்கும் என்று செய்தி வந்தது. நாங்கள் போய்ப் பார்த்தால் எங்கள் பக்கத்துக்குக் குறுக்கே சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது. வாசலில் நின்ற தலைவரின் முகம் வாடியிருந்தது.

“கூரையில் பனி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது. அதுவும் ஈரப்பனி. வழித்து முடிக்கும்வரை கீழே ஒருவரும் இருக்கக் கூடாது என்று நகரசபை சொல்லிவிட்டது. இன்று எல்லாரும் எதிர்ப்பக்கம்” என்றார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை.

“நீர் சொன்னா வீட்ட போவம்” என்றார்.

அவர் அடம்பிடித்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். இப்படிச் சொன்னதும் என்னால் ஏலவில்லை. “முதல் பாதி மட்டும்” என்றேன்.

எதிர்ப்பக்கத்தில் நான் அதுவரை கால் வைத்ததில்லை. எங்களைக் கண்டதும் ஒரு பருத்த மனிதர் காலால் பனியைத் தள்ளி எனக்கும் இடம் செய்தார். அவர் மனைவி பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி என் கையில் தந்தாள். எங்கள் தெருமுனை வெதுப்பகத்தில் பாண் விற்கிறவள் அவள். என் கணவரோடு இவ்வளவு பழக்கம் என்று எனக்குத் தெரியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டி, என் கணவரின் தோளில் சேர்ந்த பனியைத் தட்டிவிட்டாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும்” என்று என்னிடம் சொன்னாள். “அதனால்தான் என் மனிசன் அங்கே நிற்கிறார். அவர் வராத நாட்களில் வேறு யாராவது நிற்பார்கள்.”

“ஏன்?”

“உங்கள் கணவரின் நுரையீரல்தான். நியூமோனியா வந்ததிலிருந்து நாங்கள் இப்படித்தான் நிற்கிறோம்.”

துணி காயப்போடுவதைப் பற்றிச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் தேநீரைக் குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். கூரைக்குக் கீழே பக்கத்தில் வெறும் கதிரையோடு இருந்து, இந்த மனிசனைப் பற்றி நான் ஒருத்திதான் கவலைப்படுகிறேன் என்று அத்தனை போட்டிகளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“என்னவாம்?” என்று என் கணவர் கேட்டார்.

“நீங்கள் இஞ்ச நிக்கேக்க தொப்பியைக் கழட்டுறனீங்களாம்” என்று சும்மா சொன்னேன்.

“எங்கட ஆக்கள் கோல் அடிச்சா மட்டுந்தான்.”

“அப்ப பயமில்லை.”

பருத்த மனிதர் என்ன கதை என்று கேட்டார். என் கணவர் டொச்சில் சொன்னதும் அந்தப் படி முழுக்கச் சிரித்தது. இந்த முறை நானும் சிரித்தேன்.

இரண்டாம் பாதிக்கும் நின்றோம். எங்கள் அணி தோற்றது. அடுத்த கிழமை அவருக்கு இருமல் வந்தது. அப்போது நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, வெறும் தடிமன்தான் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் என் கோபம் இறங்கியது.

கூரை தேவையில்லை என்று இப்போதும் சொல்ல மாட்டேன். இடுப்பில் ஒப்பரேஷன் செய்த அந்த மனிசி அங்கேதான் எனக்குப் பின் வரிசையில் கம்பளி போர்த்திக்கொண்டு இருக்கிறா. மழை நாட்களில் என் கணவரும் முகத்தைத் தூக்கிக்கொண்டாவது என் பக்கத்தில் இருப்பார். பனி நாட்களில் நான்தான் அவரோடு எதிர்ப்பக்கம் போகிறேன். போன முறை போனபோது காற்றுப் பக்கம் நிற்க வேண்டியவர் வரவில்லை. ஒருவரும் கேட்க முதல் நான் போய் அந்த இடத்தில் நின்றேன். நான் என் கணவரின் தோளளவுதான். என்னால் எவ்வளவு காற்று மறைந்ததோ தெரியாது.