அழிக்காத பதில்

தப்பாகச் சொன்ன பதிலை அழிப்பது சரியா, விட்டுவைப்பது சரியா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

சில வருடங்களுக்கு முன், விருத்தாசலம் ஜங்ஷன் அருகே ஒரு பிரவுசிங் சென்டரில், மகளை மடியில் வைத்துக்கொண்டு, இணையக் குழுமத்தில் எக்செல் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவேன். வகுப்பின் சராசரி மதிப்பெண் கேட்ட ஒருவருக்கு நான் தந்த ஃபார்முலா, பரீட்சைக்கு வராத பிள்ளைகளையும் சேர்த்து வகுத்துவிட்டது. "போய்ச் சமையலைப் பாருங்கள்" என்று இன்னொருவர் கீழே எழுதினார். என் பதிலை அழிக்கப் போனேன்.

"ஏங்க அழிக்கிறீங்க?" பக்கத்து நாற்காலிப் பெண் மவுஸைப் பிடித்துக்கொண்டார். பீங்கான் ஆலையில் கப்புகளை நகத்தால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் கண்டுபிடிப்பவர். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி. அந்தப் பழக்கத்தில் என் மானிட்டரையும் தட்டினார்.

"சிரிக்கிறாங்களேங்க."

"சிரிக்கட்டும். எங்க சூளையில விரிசல் உட்ட கப்புல, எதனால உட்டுதுன்னு எழுதி வாசல்லயே வெப்போம். மொதலாளி பண்ண தப்பும் அங்கதான் ஒக்காந்திருக்குது. நீங்களும் எழுதுங்க."

ஏன் தப்பு என்று எழுதி, சரியான ஃபார்முலாவையும் கீழே போட்டேன். அவரை மறுபடி பார்க்கவில்லை.

அந்த ஏளனமும் என் பெயரோடு அங்கேயே இருக்கிறது. மகள் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அவள் பார்ப்பதற்குள் அழித்துவிடு என்கிறார் கணவர். நான் மாட்டேன் என்கிறேன். நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? சொல்லுங்கள்.