மலை விடுதியில் பெயர் கூப்பிட்டது

1. முதல் ஆய்வு

அந்த அரசு மாணவியர் விடுதியில் நான் முதல்முறை பெயர் கூப்பிட்டபோது இருபத்து நான்கு பெயருக்கும் பதில் வந்தது. ஒருத்தி கூட இருமவில்லை. பக்கத்தில் நிற்பவளை ஒருத்தி கூடக் கிள்ளவில்லை. அது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

அரசுத் திட்டங்களைச் சரிபார்க்கும் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தக் கள ஆய்வாளராக அப்போதுதான் சேர்ந்திருந்தேன். அலுவலகம் கொடுத்த தொடுதிரை டேப்பில் பட்டியல் வரும். பெயர் கூப்பிட்டு, பதில் சொல்கிற பிள்ளையைப் போட்டோ எடுத்து, டிக் போட்டு, கடைசியில் கையெழுத்திட வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்கள், இருவரும் கைநாட்டு. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடும் முதல் ஆள் நான். அதை நான் சும்மா போடுவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஊர் வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம். பெயரை எழுதப் போவதில்லை, அந்தப் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நடுப்பகலிலும் பனிமூட்டம் கலையாமல் இருந்தது. சங்கராபுரத்திலிருந்து வந்துபோகும் வார்டன் அம்மா மணி அடித்தார். மூட்டத்துக்குள்ளிருந்து பெண்கள் வந்து, யாரும் சொல்லாமலே உயர வரிசையில் நின்றார்கள். "உள்ளேன் அம்மா, உள்ளேன் அம்மா" என்று ஒரே குரலில் சொல்வதுபோல் சொன்னார்கள். முள்கம்பி வேலிக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தார். நான் "பவுனு" என்று கூப்பிட்டு, பதில் வந்ததும், அவர் திரும்பி நடந்து போய்விட்டார்.

வாசலில் திறப்பு விழாக் கல்வெட்டு. விடுதியைக் கொண்டுவந்த ஆளுங்கட்சித் தலைவரின் பெயர் அதில் இருந்தது. இங்கே அவரை ஐயா என்றே சொல்கிறேன். சாதி பார்க்காதவர், பெண் படிப்புக்காகப் பேசுகிறவர் என்று மாநிலம் முழுக்கப் பெயர். நான் பன்னிரண்டாவது முடித்தபோது வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. அந்த வாரம் ஐயா எங்கள் ஊர் வழியே வந்து, வேனில் நின்றபடி, பெண்ணைப் படிக்கவைக்காத வீட்டுக்கு நான் ஓட்டுக் கேட்டு வரமாட்டேன் என்று பேசினார். அப்பா அன்று கூட்டத்தில் இருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கல்வெட்டைக் கையால் தொட்டுவிட்டுத்தான் கையெழுத்திட்டேன்.

2. மறு ஆய்வு

அடுத்த வருஷம் அதே விடுதி எனக்கே வந்தது. இந்த முறை டேப்பில் ஒரு புது ஏற்பாடு. பெயரைத் தொட்டால் போன வருஷப் போட்டோ பக்கத்திலேயே திறக்கும்.

"பவுனு."

"உள்ளேன் அம்மா."

போட்டோவில் நீள முகத்தோடு உயரமான ஒரு பெண் இருந்தாள். என் முன்னால் நின்றவள் என் இடுப்பளவுதான். முன்பல் உடைந்திருந்தது. அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அதிலும் வேறு முகம். அதற்கடுத்ததிலும் அப்படியே. பட்டியலில் எல்லாப் பெயரும் போன வருஷ வகுப்பிலேயே இருந்தன. பெயர்கள் அப்படியே நிற்க, பிள்ளைகள் மட்டும் மாறிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போனேன். கட்டிலுக்கு ஒன்றாக இருபத்து நான்கு தகரப் பெட்டிகள். ஒன்றைத் தூக்கினேன், காற்றுப்போல மேலே வந்தது. போர்வைகளில் கடையில் மடித்த மடிப்பே கலையவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். இருபத்து நான்கு பெண்கள் தங்கும் இடத்தில் கொடியில் ஒரு துணி கூட இல்லை.

உடைந்த பல்லுக்காரி என் பின்னாலேயே வந்திருந்தாள். உன் பெயர் என்ன என்று கேட்டேன்.

"இங்க பவுனு, வூட்டுல சத்யா. போன வருஷம் எங்க அக்காதான் பவுனு. அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சி. அதான் நானு."

"இங்க தூங்குவியா?"

"இங்க யாருமே தூங்க மாட்டாங்கக்கா." தண்ணீர் வராது, ராத்திரிக்கு ஆள் கிடையாது என்று சொல்லிவிட்டு, என்னை ஒன்றும் தெரியாதவளைப்போல் பார்த்தாள். "ஜீப்பு வந்தா ஓடியாந்து நிப்போம். சின்னதுங்களுக்கு நான்தான் பேரு கத்துக் குடுப்பேன்."

வார்டன் அம்மாவிடம் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன், விடுதி திறந்த முதல் வருஷம், பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள். அந்த மழைக்காலத்தில் பவுனு என்ற பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. வண்டி கிடைக்காமல், மலைப்பாதையில் தூக்கிக்கொண்டு இறங்கும்போதே இறந்துபோனாள். மறுநாளே எல்லாரும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். தண்ணீருக்கும் இரவுக் காவலுக்கும் இவர் எழுதிய மனுக்களின் நகல் ஒரு கட்டு இருந்தது.

"ஆளு கம்மின்னு எழுதினா மூடிடுவாங்கம்மா. தொறந்து வெச்சிக்கினு இருந்தாலாவது என்னிக்காவது தண்ணி வரும்னுதான் இப்படி ஓட்டிக்கினு இருக்கேன். நீ பாட்டுக்கு டிக் போட்டுட்டுப் போ. போன வருஷம் போட்டல்ல?"

அவர் குத்திக்காட்டவில்லை. ஆனாலும் எனக்கு முகம் எரிந்தது.

வேலிப் பக்கம் போனேன். அந்தப் பெண் இன்றும் நின்றிருந்தார். பவுனுவின் அம்மா. ஜீப் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு வருவாராம்.

"எம்பொண்ணு பேரைக் கூப்புடறதும், உள்ளேன்னு சொல்றதும் காதுல கேக்குது மேடம். கண்ண மூடிக்கினா அவளேதான்." பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பேர எடுத்துடாதீங்க. எடுத்துட்டா அவள யாரு கூப்புடுவாங்க?"

3. ஐயாவைப் பார்த்தது

நான் அறிக்கை அனுப்பவில்லை. யார் சொன்னார்களோ, ஐயா கள்ளக்குறிச்சிக்கு வந்திருந்தபோது என்னை அழைத்தார்கள். அவரே எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். அவர் பேச்சால்தான் படித்தேன் என்று சொன்னேன். கண் கலங்கினார், அது நடிப்பில்லை.

பிறகு கேட்டார்: "பவுனு எப்படிம்மா இருக்கா? நல்லாப் படிக்கிறாளா?"

திறப்பு விழாவில் அவருக்குப் பூ கொடுத்த பெண் பவுனு. அன்றிலிருந்து எல்லா மேடையிலும் அவள் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். திறந்த பிறகு ஒருமுறை கூட மலைக்குப் போனதில்லை.

"அவ செத்து நாலு வருஷம் ஆச்சுங்க ஐயா."

அவர் என்னைப் பார்க்கவில்லை, என் மடியிலிருந்த டேப்பைப் பார்த்தார்.

"இத இன்னும் அனுப்பலல்ல?" என்றார். குரல் அதே கனிவோடுதான் இருந்தது. "தேர்தல் முடியட்டும்மா. மலைக்குன்னு பேசறவன் நான் ஒருத்தன்தான். என்னைச் சாய்ச்சிட்டா அந்தப் புள்ளைங்களுக்கு யாரு?"

எப்படி இறந்தாள் என்று அவர் கேட்கவே இல்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

4. மூன்றாம் முறை

மறுநாள் பஸ் பிடித்து வெள்ளிமலைக்கும், அங்கிருந்து ஜீப்பில் ஊருக்கும் போனேன். முதலில் வேலிக்குப் போய், என்ன எழுதப் போகிறேன் என்று பவுனுவின் அம்மாவிடம் சொன்னேன். பவுனு இருக்கிறாள் என்று நான் கையெழுத்திடும் வரை, காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு வண்டி வராதது யார் கணக்கிலும் ஏறாது என்றேன். அவர் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

வரிசையில் நின்றவர்களிடம், இன்றைக்கு அவரவர் வீட்டுப் பெயருக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றேன். பழைய பட்டியலை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். சத்தமே இல்லை. பெயர்கள் மூட்டத்துக்குள் போய் அப்படியே நின்றன.

"பவுனு."

சத்யா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"இல்லீங்க."

அம்மா சொன்னது என்று எழுதிக்கொண்டேன். பிறகு சத்யா முதல் கடைசிப் பெண் வரை நிஜப் பெயர்களை எழுதி, தண்ணீரும் காவலும் கிடைத்தால் தங்குவார்களா என்று கேட்டு அதையும் எழுதினேன். வார்டன் அம்மா தன் மனுக்களின் நகல் கட்டைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். எல்லாவற்றையும் இணைத்துக் கையெழுத்திட்டேன். போன வருஷம் நான் போட்ட கையெழுத்து தவறு என்பதை முதல் பத்தியிலேயே எழுதியிருந்தேன்.

என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. விடுதியைப் பூட்டிவிட்டார்கள். தண்ணீரும் காவலும் தந்து திறக்கக் கேட்டு ஊரார் கொடுத்த மனுவில் என் அறிக்கையின் நகல் இருக்கிறது. ஐயா பவுனு கதையை நிறுத்திவிட்டார், இப்போது வேறொரு பெண்ணின் கதையைச் சொல்கிறார். அவர் முற்போக்கானவர்தானா என்று இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நன்றாகப் பேசுவார், அந்தப் பேச்சில் படித்தவள் நான் என்று சொல்வேன். அவர் எப்படி ஆண்டார் என்று தெரிந்துகொள்ள அந்தப் புதுப் பெண்ணின் ஊரைக் கேட்டுக்கொண்டு நேரில் போகச் சொல்வேன். போனதும் பெயர் கூப்பிட வேண்டாம், முதலில் பின்பக்கம் போய்க் கொடியில் துணி காய்கிறதா என்று பாருங்கள்.