வயிறு திரும்பிய பக்கம்

அய்யா, அன்றைக்கு நீங்கள் வெளியூரில் இல்லை. ஆய்வகத்தில் எனக்கு எதிரில்தான் நின்றீர்கள். என் வாய்மொழித் தேர்வில் அத்தனை பேருக்கு முன்னால் நீங்கள் சொன்னது பொய். அந்த ஒரு பொய்யில் என் முனைவர் பட்டம் போனது.

உங்கள் பெயரை எழுதவில்லை, கல்லூரியின் பெயரையும் எழுதவில்லை. உங்களுக்குப் புரியும். மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்குப் பேய், செய்வினை எதிலும் நம்பிக்கை கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம், அந்தச் சத்தத்தில் பேய் வந்து கத்தினாலும் காதில் விழாது. படித்ததும் அறிவியல். அதனால் இதைக் கதை கட்டுகிறாள் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் உங்கள் வழிகாட்டலில் பழ ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கனிந்த வாழைப்பழத்தில் மொய்க்குமே, அந்தச் சின்ன ஈதான். ஈக்களுக்கு மக்காச்சோள மாவும் வெல்லமும் கலந்து கூழ் காய்ச்சுகிற வேலை உதவியாளர் ஆறுச்சாமி அண்ணனுடையது. "ஏனுங்க அம்மணி, ஊருக்குள்ள அவனவன் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கறான், நாம மட்டுந்தானுங்க கூழு ஊத்தி வளக்கறோம்" என்பார் தினமும். தினமும் சிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கூழ் தாமதமாக வரும்.

அந்த ஈயின் முட்டை ரவையைவிடச் சிறியது. உள்ளே கரு வளரத் தொடங்கியதும் எது முதுகு, எது வயிறு என்று முடிவாக வேண்டும். கரு தானாக அதை முடிவு செய்வதில்லை. முட்டையின் ஒரு பக்கத்தில், செல்களுக்கு வெளியிலிருந்து ஒரு செய்தி வருகிறது. செய்தி என்றால் ஒரு ரசாயனப் பொருள். அது எட்டுகிற வரைக்கும் செல்லுக்குள் ஒரு புரதம் இன்னொரு புரதத்தை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கும். செய்தி வந்து தொட்டதும் பிடி விடும், விடுபட்டது உட்கருவுக்குள் போய் அந்தச் செல்லை வயிறாக்கும். செய்தி எட்டாத பக்கம் முதுகு. கூடினாலும் குறைந்தாலும் கரு கெட்டுவிடும். எந்தப் பக்கம், எவ்வளவு, எப்போது என்பதை எது கட்டுப்படுத்துகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

என்னிடம் ஒரு வகை ஈ இருந்தது. அந்தத் தாய் இடுகிற முட்டையில் செய்தியை வாங்கிக்கொள்ள எல்லாம் இருக்கும், செய்தி மட்டும் இருக்காது. அதனால் கரு முழுவதும் முதுகாகவே வளர்ந்து, முறுக்கின குழாய் மாதிரி ஆகிச் செத்துப்போகும். நான் பார்த்தவரைக்கும் ஒரு முட்டைகூட விதிவிலக்கு இல்லை.

அன்றைக்கு ஆனி மாதக் காற்று. ஜன்னல்களையெல்லாம் சாத்தி வைத்திருந்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வகை முட்டைகளை பிளீச்சிங் கரைசலில் போட்டு மேல் தோலை நீக்கி, பிரஷ்ஷால் எடுத்து ஒரு கண்ணாடிச் சில்லில் நாற்பது வைத்து, மேலே எண்ணெய் விட்டு நுண்ணோக்கியில் வைத்தேன். எப்படிச் சாகிறது என்று குறித்துக்கொள்வது மட்டும்தான் வேலை. அரை மணி நேர இடைவெளியில் இட்ட முட்டைகளாக இன்னும் இரண்டு சில்லுகள் தயாராக இருந்தன.

நல்ல முட்டையென்றால் இட்டு மூன்று மணி நேரத்தில் வயிற்றுப் பக்கம் ஒரு கோடு விழுந்து பள்ளமாக உள்ளே மடியும். இந்த முட்டைகளில் அது விழக்கூடாது. விழுந்தது. ஒன்றில் இல்லை, நாற்பதிலும். அதுவாவது பரவாயில்லை, ஈ வளர்க்கிற பாட்டில் மாறிவிட்டது என்று சொல்லிவிடலாம். ஈ முட்டை ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் தட்டையாக இருக்கும், புடைத்த பக்கம்தான் வயிறு. நான் அவற்றைக் கண்டபடி வைத்திருந்தேன். ஆனால் புடைப்பு எந்தப் பக்கம் இருந்தாலும் பள்ளம் விழுந்தது கிழக்குப் பக்கம். நாற்பதும் கிழக்கு. நம்பினால் நம்புங்கள்.

கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் அறை. நீங்கள் உள்ளே உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தீர்கள். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"என்னுங்க அம்மணி, மூஞ்சி வெளுத்துப்போச்சு? ஈ கடிச்சுப்போட்டுதுங்களா?" என்றார் ஆறுச்சாமி அண்ணன்.

"அண்ணா, சாரைக் கூப்பிடுங்க. வெரசா."

வந்தீர்கள். பார்த்தீர்கள். "பாட்டில மாத்தி எடுத்துப்போட்ட" என்றீர்கள்.

"இல்லீங்க சார். வேணும்னா அடுத்ததை நீங்களே பாருங்க."

இரண்டாவது சில்லை வைத்தேன். நீங்கள் மேசைக்கு மேற்கே நின்று குனிந்து பார்த்தீர்கள், நான் எதிரே கிழக்கில் நின்றேன். கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்தீர்கள்.

"நான் பாக்கறப்பவே சில்லத் திருப்பினயா?"

"நான் கையே வெக்கலீங்க சார்."

இந்த முறை நாற்பதிலும் வயிறு மேற்கே, நீங்கள் நின்ற பக்கமே, திரும்பியிருந்தது. மூன்றாவதை வைத்ததும் நீங்கள் வடக்கே, கை கழுவுகிற தொட்டியருகில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். மேற்குப் பக்கம் வந்து நுண்ணோக்கியில் கண் வைத்தவள் நான். ஆறுச்சாமி அண்ணன் கூழ்க் கரண்டியோடு வாசலில் நின்றார்.

"எந்தப் பக்கம்?" என்று திரும்பாமலே கேட்டீர்கள்.

"உங்க பக்கமுங்க சார்."

வந்து மூன்று சில்லுகளையும் எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துக் குப்பையில் போட்டீர்கள். "இத எழுதாதம்மா. எழுதினா உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என்னையத்தான் கேப்பாங்க" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நான் ஆராய்ச்சியை முடிக்கும்வரை நீங்கள் அந்த ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. "வாசல்லயே நின்னுக்கிட்டு உள்ள வரமாட்டீங்கறாருங்க, குறிப்பு நோட்ட மட்டும் குடுக்கச் சொல்றாரு" என்று ஆறுச்சாமி அண்ணன்தான் வந்து நிற்பார். அதே வகை முட்டைகளைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். எல்லாம் பழையபடி முதுகாகவே வளர்ந்து செத்தன.

நான் எழுதினேன். நடந்ததை எழுதாமல் விடுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆய்வேட்டின் கடைசியில் ஒரே ஒரு பக்கம், விளக்கம் எதுவும் இல்லாமல், பார்த்ததை மட்டும். நீங்கள் கடைசிவரை படிக்காமலே கையெழுத்துப் போட்டீர்கள். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நேராக அந்தப் பக்கத்தைத்தான் பிரித்தார்.

"இது நடக்கவே முடியாதேம்மா. உங்களத் தவிர வேற யாரு பார்த்தாங்க?"

உங்களைக் காட்டினேன். ஆறுச்சாமி அண்ணனை யாரும் கேட்கவில்லை.

"அன்னிக்கு நான் ஊர்லயே இல்லீங்களே" என்றீர்கள், சிரித்துக்கொண்டே.

அந்தப் பக்கம் பொய்யென்றால் மற்றப் பக்கங்களும் பொய்தானே என்றார்கள். ஐந்து வருட வேலை அந்த மேசையிலேயே முடிந்தது. ஊருக்குத் திரும்பினேன். ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறேன், முதுகு வயிறு பாடமும் நடத்துகிறேன்.

எது அந்தச் செய்தியை அனுப்பியது என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் என்றும் நான் சொல்லவில்லை. ஏனென்றால் நானும் ஒன்றை மறைத்தேன். மூன்றாவது சில்லில் உங்கள் பக்கம் திரும்பியது முப்பத்தொன்பது. ஒன்று மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. நீங்கள் கேட்டபோது அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஆய்வேட்டிலும் நாற்பது என்றே எழுதினேன். இன்றும் வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்தாற்போல் என் பக்கம் தலையைத் திருப்பினால், கரும்பலகையில் எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

என் பொய்யை அச்சில் ஒப்புக்கொண்டுவிட்டேன். உங்கள் மாணவர்கள் உங்களுக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்களாம், அழைப்பிதழ் எனக்கும் வந்திருக்கிறது. வருகிறேன். மேடையில், மைக் முன்னால், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்: அன்றைக்கு அந்த ஆய்வகத்தில் நீங்கள் எந்தெந்தப் பக்கம் நின்றீர்கள்?