தும்பி தையலகம்

எங்கள் தெருமுனைத் தையற்காரிக்குப் பழிவாங்கத் தெரியும் என்று யாரும் நினைத்ததில்லை. அளவெடுக்கும்போதுகூட விரல் உடம்பில் படாமல் எடுப்பாள்.

கணவன் இன்னொருத்தியோடு போன பிறகு, ஒரு வருடம்போல அவன் சட்டைகளை வாராவாரம் நனைத்து மாடிக் கொடியில் காயப்போட்டாள். அவன் வீட்டில்தான் இருக்கிறான் என்று அக்கம்பக்கம் நம்பட்டுமே. இதை அவள் சொன்னது தன் அக்காவிடம் மட்டும். அக்கா தன் கணவரிடம் சொன்னாள். அவர் நாவலாசிரியர்.

நாவல் வந்தது. அதிலும் ஒரு தையற்காரி. தும்பி என்று பெயர். கொடியில் அதே ஈரச் சட்டைகள். கடைசி அத்தியாயத்தில் கிணற்றில் குதிக்கிறாள்.

"இன்னும் சட்டை காயுதாக்கா?" என்று துணி கொடுக்க வந்த ஒருத்தி கேட்டுச் சிரித்த அன்று, தையற்காரி மெஷினை மூடிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

அத்தான் சாய்ந்த வாக்கிலேயே பதில் சொன்னார். "அது நீ இல்லம்மா. பேரே வேற. பேரு மாறிட்டா ஆளும் மாறிடும்."

"சட்டை என்னோடது, அத்தான்."

"யாரு வீட்டுக் கொடியிலதான் சட்டை காயல?"

அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

பெயர் வெறும் ஒட்டுச்சீட்டு என்பவர்களைப் படித்திருக்கிறேன். பெயர்தான் ஆள் என்பவர்களையும் படித்திருக்கிறேன். அத்தானுக்கு இரண்டாவதுதான் வசதி: புத்தக அட்டையில் இருக்கும் பெயர் அவரேதான், உள்ளே பெயர் மாறியவள் யாரோ. தையற்காரி அவரோடு வாதாடவில்லை. சட்டப்படி தன் பெயரைத் தும்பி என்று மாற்றிக்கொண்டாள். கடை வாசலில் 'தும்பி தையலகம்' என்று பலகை ஏறியது.

வாசகர்கள் தேடி வரத் தொடங்கினார்கள்.

"அந்தத் தும்பி நீங்கதானா?"

"நானேதான். கிணத்துல மட்டும் குதிக்கல." ஊசியில் நூல் கோத்தபடி, குரலை உயர்த்தாமல் சொல்வாள். "கதையில ஒரு ஆளை விட்டுட்டாரு. தும்பிக்கு ஒரு அத்தான் உண்டு. புருஷன் எவ வீட்டுக்குப் போறான்னு தெரிஞ்சும், என்கூடத்தான் இருந்தான்னு தும்பிகிட்ட வருஷக்கணக்கா பொய் சொல்லிட்டிருந்தவரு."

அவள் செய்தது நியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அந்த அடி அக்கா மேலும் விழுந்தது. அது தெரிந்தேதான் அவள் சொன்னாள்.

ஒரு மாலை, நான் தைத்த துணி வாங்கக் காத்திருந்தபோது, அத்தானே கடைக்கு வந்தார்.

"போற கூட்டத்துல எல்லாம் அந்த அத்தான் நீங்கதானான்னு கேக்குறாங்கம்மா. பலகையைக் கழட்டிடு."

"பேரு மாறிட்டா ஆளும் மாறிடும்னு நீங்கதானே சொன்னீங்க? நான் மாறிட்டேன்."

என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அடுத்த பதிப்புல அவ பேரை மாத்திடறேன். வண்டுன்னு வெச்சிடறேன். போதுமா?"

"வைங்க. நானும் வண்டு தையலகம்னு எழுதிக்கறேன். எறும்புன்னு வெச்சாலும் சரிதான்."

"உனக்கு என்னதான்மா வேணும்?"

துணியில் கத்தரி நின்றது. "அந்த அத்தானைக் கதையில சேருங்க."

அவர் யோசித்தார். தப்பிக்க வழி கிடைத்ததுபோல் முகம் கொஞ்சம் தெளிந்தது. "சேத்துடறேன். நல்ல பாத்திரமாத்தான் வரும்."

"வரும். அவரு பேரை மட்டும் மாத்தாதீங்க."

அவர் படியிறங்கிப் போனார். எல்லாப் பிரதிகளும் விற்றுத் தீர்ந்துவிட்டன என்கிறார்கள். அடுத்த பதிப்பு இதுவரை வரவில்லை.