தம்பிக்குப் போட்டுக் கொடுத்த கூலிங் கிளாஸ்

கண்ணாடிக் கடைக்காரரை எல்லோரும் 'பவர் அண்ணன்' என்றே கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தைச் சூட்டியது அவருடைய தம்பிதான். தம்பி இப்போது வேறு ஊரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறான். ஆனால் பட்டம் சூட்டிய அந்தக் குறும்பு வாய் அவனிடம் இல்லை. பவர் அண்ணன் ஏங்குவது அந்த வாய்க்குத்தான்.

அப்போதெல்லாம் சாயங்காலமானால் தம்பி கடையில் வந்து உட்கார்ந்துவிடுவான். கண் பரிசோதிக்கும் நாற்காலியில் ஏறி, அட்டையில் இருக்கும் பொடி எழுத்து வரியை "கடைக்காரர் தம்பிக்கு டீ வாங்கித் தரவும்" என்று கணீரென வாசிப்பான். வந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பில், அவர்கள் மூக்கில் மாட்டிய சோதனைக் கண்ணாடிச் சட்டம் நழுவி மடியில் விழும். அண்ணன் திட்டுவார். திட்டிக்கொண்டே டீக்கும் சொல்லியனுப்புவார்.

தம்பிக்கு மேடை விளக்கு போடும் வேலை. ஒரு வருடம் அவன் பேச்சு இரண்டு மடங்கானது. ஒரு வேடிக்கை முடிவதற்குள் அடுத்ததற்குத் தாவினான். கடைக்கு அது கொண்டாட்டம்தான், யார் சந்தேகப்பட்டார்கள்? தட்டில் வைத்த சாப்பாடு வைத்தபடி கிடந்தது. வாயில் ஒன்றுமில்லாமலே தாடை அரைத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கண்ணை மூடாமல் திரிவான், பிறகு ஒன்றரை நாள் கட்டையாகக் கிடப்பான்.

"சட்டைக்குள்ள ஆளையே காணோம்டா" என்று அம்மா சொன்னாள். அம்மா கண்ணுக்கு எந்தப் பிள்ளை குண்டாகத் தெரிந்தது என்று பவர் அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது என்று தம்பி சொன்னதை மட்டும் கவனமாகக் கேட்டார். அது அவர் தொழில் ஆயிற்றே. ஆயிரம் விளக்கு நடுவே நிற்பவனுக்குக் கண் கூசாமல் என்ன செய்யும்? தானே சட்டம் தேர்ந்தெடுத்து, நல்ல கருப்பு லென்ஸ் வெட்டி, காதுக்குப் பின்னால் வளைத்துப் பார்த்துப் போட்டுவிட்டார். தம்பி சாப்பிடும்போதுகூட அதைக் கழற்றவில்லை. அவ்வளவு பொருத்தமாகச் செய்துவிட்டோம் என்று அண்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு மத்தியானம் கண்ணாடியின் திருகு கழன்றுபோய் தம்பி கொண்டுவந்தான். பழக்கதோஷத்தில் பவர் அண்ணன் அவன் மோவாயைப் பிடித்துக் கண்ணில் டார்ச் அடித்தார். வெளிச்சம் பட்டதும் கண்ணின் நடுக் கருப்பு சுருங்க வேண்டும். சுருங்கவில்லை. விளக்கை விலக்கி மறுபடி அடித்தார். அடுத்த கண்ணிலும் அப்படியே அகலத் திறந்து கிடந்தது. டாக்டர் சொட்டு மருந்து விட்ட கண்ணைத்தான் அவர் அப்படிப் பார்த்திருக்கிறார். தன்னிடம் சொல்லாமல் எந்தக் கண் டாக்டரிடம் போனாய் என்று கொஞ்சம் மனத்தாங்கலோடே கேட்டார்.

யாரிடமும் போகவில்லை என்றான் தம்பி. தொடாத தட்டும், அரைக்கும் தாடையும், அம்மா சொன்ன சட்டையும் பவர் அண்ணன் மனதில் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தன.

"சும்மா ஜாலிக்குத்தான் ஆரம்பிச்சேன், போதை மாத்திரை" என்றான் தம்பி. "உனக்குத் தெரியும்னு நெனச்சேண்ணே. தெரிஞ்சுதான் நீ கண்ணாடி போட்டுவிட்டேன்னு நெனச்சேன். வெளிய தெரியாம மறைச்சுக்கடான்னு."

அறையலாம் என்று தூக்கிய கை இறங்கிவிட்டது. காத்திருந்த இரண்டு பேரிடமும் நாளைக்கு வரச் சொல்லி, ஷட்டரை இழுத்துவிட்டு, சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனதுபோல் தம்பியின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு நடத்திப் போனார்.

எவ்வளவு நாளாக இந்தப் பழக்கம் என்று டாக்டர் கேட்டார். இரண்டு மாசம் இருக்கும் என்று தம்பி தரையைப் பார்த்துச் சொன்னான். டாக்டர் எழுதத் தொடங்கினார்.

"இல்ல டாக்டர், எட்டு மாசத்துக்கும் மேல" என்றார் பவர் அண்ணன். "கண்ணாடி போட்டுக் குடுத்தே எட்டு மாசம் ஆச்சு. நான்தான் குடுத்தேன்."