கறை படாத துணிகள்

வடக்குப்பட்டில் அந்த வாடகை வீட்டு மொட்டைமாடியில் இரண்டு குழந்தைகளின் துணிகள் ஒரே கொடியில் காய்ந்தன. வீட்டுக்காரர் மகள் சத்யப்பிரியா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவள் பெண்ணின் துணிகள் பாதிக் கொடிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத மஞ்சள் கறை ஒவ்வொன்றிலும் இருக்கும். கீழ்வீட்டில் குடியிருந்த மாரிசெல்வி அந்தக் கறையைப் பார்த்துத்தான் வயிறெரிந்தாள்.

அவள் மகன் அந்தப் பெண்ணைவிட ஒரு வாரம் மூத்தவன். நாலைந்து நாளுக்கு ஒருதரம், வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து வைத்தால்தான் வெளிக்குப் போவான். சத்யப்பிரியாவோ தினமும் மாடியில் நின்று அலுத்துக்கொள்வாள்.

“இன்னா மாரி, காத்தாலேர்ந்து ஆறு துணி. இவளுக்கு வேற வேலையே கெடையாது. உன் புள்ள எப்பிடி?”

“அவனுந்தாம்க்கா. துவைச்சு மாளல.”

சொன்ன பிறகு கொடியில் துணி வேண்டுமே. பிள்ளை தொடாத துணிகளை நனைத்துப் பிழிந்து உலர்த்தினாள்.

“எதுக்குட்டி துவைச்ச துணியவே துவைக்கே?” என்று கேட்டான் இசக்கிபாண்டி. ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் ஷிப்டு முடித்து அப்போதுதான் வந்திருந்தான்.

“லாரி போற ஊரு. தூசி படியுதுல்லா.”

தடுப்பூசி போடப் போன இடத்தில், பிள்ளை ஒழுங்காக வெளிக்குப் போகிறானா என்று நர்ஸ் கேட்டபோதும் சத்யப்பிரியா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். “தெனமும் போறான்” என்றே மாரிசெல்வி சொன்னாள்.

ஒருநாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. வயிறு பானைபோல உப்பியிருந்தது. காய்ந்த துணிகளைக் கொடுக்க வந்த சத்யப்பிரியா, வாசலிலேயே நின்றாள்.

“கோச்சிக்காத மாரி. உன் துணி ஒண்ணுலகூட கற இல்ல. நானும் ரொம்ப நாளா பாத்துகினுதான் கீறேன். நெசத்த சொல்லு.”

மாரிசெல்வி சொன்னாள். சொல்லும்போதே, கண்டுபிடித்ததும் இவளாகத்தான் இருக்க வேண்டுமா என்று எரிந்தது. சத்யப்பிரியா அப்பாவின் காரை எடுக்கச் சொல்லி, தானும் ஏறிக்கொண்டாள்.

தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரியில் முதலில் குழாய் வைத்துக் குடலைக் கழுவி வயிற்று உப்பலை இறக்கினார்கள். குழந்தைகளுக்கான அறுவை டாக்டர் வசுதா விளக்கினார். மலத்தைத் தள்ளும் நரம்பணுக்கள் சில பிள்ளைகளுக்குக் குடலின் கடைசியில் பிறவியிலேயே இருக்காது. கிள்ளியெடுத்தாற்போல் துளி சதை எடுத்து லேபில் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். நரம்பு இருந்தால் பழுப்பு நிறமாகத் தெரியும். தெரிந்தால் மருந்தோடு போய்விடும். தெரியாவிட்டால் ஆபரேஷன்.

முடிவு வந்த அன்று டாக்டர் கம்ப்யூட்டர் திரையை மாரிசெல்வி, இசக்கிபாண்டி பக்கம் திருப்பினார். இரண்டு படங்கள். ஒன்றில் வெளிர்நீலத்தின் நடுவே மிளகுப்பொடி தூவினதுபோல் பழுப்புப் புள்ளிகளும் இழைகளும். மற்றதில் நீலம் மட்டும்.

“இந்தப் புள்ளி வச்சதுதானே எம்மவன்?” என்றாள் மாரிசெல்வி.

“இல்லம்மா. அது நல்ல குடல். சாயம் சரியாப் பிடிச்சிருக்கான்னு தெரிய, அதையும் கூடவே போடுவாங்க. பையனோடது பக்கத்துல இருக்கறது.”

“அது யாரு பிள்ளை?”

“யாரோ. லேப்ல வெச்சிருக்கறது.”

கல்யாணத்துக்கு முன்பு அவளும் ஒரகடத்தில் ஒயர் சோதிக்கும் லைனில் இருந்தவள். கண்ணெதிரே போர்டில் தேறின ஓகே பீஸ் ஒன்றும் பழுதான என்.ஜி. பீஸ் ஒன்றும் மாட்டியிருக்கும். ஒப்பிட்டுப் பார்த்து, தேறாததைச் சிவப்புத் தொட்டியில் போடுவாள். பேரும் முகமும் தெரியாத அந்தப் பிள்ளையின் புள்ளிகளையே வெறித்தாள். சத்யப்பிரியாவின் மேல்கூட அவளுக்கு அவ்வளவு பொறாமை வந்ததில்லை.

“நரம்பு இல்லாத துண்டை எடுத்துட்டு, நல்ல குடலை கீழ இறக்கித் தைச்சிடலாம்” என்றார் டாக்டர்.

இசக்கிபாண்டி மெல்ல அவள் முழங்கையைத் தொட்டான். “தொட்டியில போடல, மாரி. ரீவொர்க்தான், சரிபண்ணிருவாங்க.”

ஆபரேஷன் முடிந்து வீடு வந்த பிறகு பிள்ளை ஓயாமல் போனான். பின்புறம் சிவந்து புண்ணானது. மாரிசெல்வி முனகிக்கொண்டே துவைத்தாள். துவைத்ததைக் கொடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கறை தெரியும் பக்கம் வெளியே இருக்கும்படி விரித்தாள்.

“அடிப்பாவி, எனக்கு ஒரு மொழங்கூட வுடலியா?” என்றாள் வாளியோடு வந்த சத்யப்பிரியா.

“இத்தன நாளு நீங்க பிடிச்சுக்கிட்டது போதும்க்கா.”

“சரிதான் போ. எம்பொண்ணு நேத்து குப்புற வுழுந்துட்டா, தெரியுமா? இவன்?”

கையிலிருந்த கிளிப் அப்படியே நின்றது. ‘போன வாரமே விழுந்துட்டானே’ என்ற பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“இவன் இன்னும் விழலக்கா” என்றாள் மாரிசெல்வி.

பிறகு இரண்டு துணிகளை ஒதுக்கி இடம் கொடுத்தாள், தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுகிற பக்கமாகப் பார்த்து.